நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

2003-இல் பெருங்குடியில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய மகாபலிபுரம் சாலை அப்போது ஆறு வழியாகியிருக்கவில்லை. ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பூட்டி, ஃபார்மட் போட்டு, வீடு தேடிப் போய் வைத்துவிட்டு வருவதுதான் என் வேலை. எங்கள் சர்வீஸ் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தமிழ் கேட்டால்' என்று தலைப்பு. அதன் கீழே நீல மையில் ஒன்பது படிகள்.

அதில் முதல் மூன்று படிகளை இன்றும் மறக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலைத் திற. ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பகுதிக்குப் போ. அங்கே சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும்; அதை டிக் செய். உடனே ஒரு பெட்டி எழும்பும். அரபு, ஆர்மீனியம், ஹீப்ரு, இந்திய மொழிகள், தாய், வியட்நாம் என்று வரிசையாகச் சொல்லி, 10 எம்பி இடம் வேண்டும் என்று கேட்கும். சரி என்றால் விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லும். அந்த சிடி பாதி வீடுகளில் இருக்காது. இருந்தாலும் கீறல் விழுந்திருக்கும். எல்லாம் கூடிவந்தால் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

இவ்வளவும் செய்தால்தான் திரையில் தமிழை ஒழுங்காகப் படிக்கவே முடியும். டிக் செய்யாத எக்ஸ்பியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். 'கெ' பார்க்கவே சகிக்காது. தமிழை எழுதுவதற்கு மீதி ஆறு படிகள். எழுத்துருவை இறக்கி ஃபான்ட்ஸ் கோப்புறையில் போடு. விசைப்பலகை மென்பொருளைத் தனியாக இறக்கி நிறுவு. அதற்குள் தமிழுக்கான பலகைக் கோப்பைத் தனியாகத் தேடி எடுத்துச் சேர். ஒவ்வொரு முறை மெஷின் போடும்போதும் தானாக எழும்படி செய். எந்த விசையை அழுத்தினால் தமிழ், எதை அழுத்தினால் ஆங்கிலம் என்று பழக்கிக்கொடு. கடைசிப் படியாக எங்கள் கடை அண்ணன் எழுதிவைத்திருந்தது: 'வரவில்லை என்றால் மறுபடி ஒன்றிலிருந்து.'

ஒரு வீட்டில் இதை முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலும் பல வீடுகளில் ஐந்தாவது படியிலேயே வீட்டுக்காரர், "விடுங்க தம்பி, இங்கிலீஷே போதும்" என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் எனக்குக் கஷ்டமாக இருக்கும். தமிழ் எழுதத் தெரிந்தவர், எழுத ஆசைப்பட்டவர், பணம் கொடுத்து மெஷின் வாங்கியவர் அவர். தமிழைக் கைவிடும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்பது படிகளில் ஏறிக் களைத்துப்போனார், அவ்வளவுதான்.

தமிழ்க் கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் குறியேற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த கணினி நம் கைக்கு வர இன்னும் பத்தாண்டு பிடித்தது. அந்த இடைவெளியில் நாளிதழ்தோறும் ஒரு எழுத்துரு. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பையும் ஏற்றது. இவை எல்லாம் பெரியவர்கள் செய்த பெரிய வேலைகள். ஆனால் அந்த வேலையெல்லாம் பெருங்குடி வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டியிருந்தது. அந்த வாசல், மென்பொருளை மெஷினில் அமைத்துத் தரும் நிறுவிதான் என்பது என் நம்பிக்கை.

அது எப்படிப் பிறந்தது என்று சொல்ல, முதலில் கீமேனைச் சொல்ல வேண்டும். 1993-இல் ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்பவர் லாவோ மொழியை விண்டோஸில் அடிப்பதற்காக எழுதிய மென்பொருள் கீமேன். அவருடைய நிறுவனத்தின் பெயர் டாவுல்ட்சாஃப்ட். லாவோவுக்காகச் செய்தாலும் அதை லாவோவுக்குள் பூட்டி வைக்கவில்லை அவர். விசைகளைக் கவனித்து எழுத்தாக மாற்றும் எஞ்சின் ஒரு பக்கம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பலகைக் கோப்பு இன்னொரு பக்கம். அந்தக் கோப்பு சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. எஞ்சினைத் தொடாமலேயே யார் வேண்டுமானாலும் தன் மொழிக்கு ஒரு பலகை எழுதலாம்.

தமிழர்கள் எழுதினார்கள். ஆனால் எஞ்சின் ஓரிடத்தில், பலகை ஓரிடத்தில், எழுத்துரு ஓரிடத்தில் கிடந்தது. எங்கள் சுவர்த்தாளின் நான்காம் படியிலிருந்து எட்டாம் படிவரை இந்தச் சிதறலைக் கூட்டிச் சேர்க்கும் வேலைதான்.

முகுந்தராஜ் என்பவரும் தமிழா என்ற குழுவும் செய்தது அந்தக் கூட்டிச் சேர்க்கும் வேலையை ஒரே கோப்பாக மூட்டை கட்டியதுதான். கீமேன் எஞ்சின், தமிழ்ப் பலகை, தேவையான அமைப்புகள் எல்லாம் உள்ளே. பெயர் எ-கலப்பை. உழுவதற்கு உள்ள கலப்பை என்ற பெயரைக் கேட்டதுமே எங்கள் அண்ணனுக்குப் பிடித்துப்போனது. ஆங்கில விசைகளை ஒலிப்பின்படி அழுத்தும் அஞ்சல் முறைக்கு ஒரு நிறுவி, தமிழ்99 முறைக்கு ஒரு நிறுவி. இரண்டு முறை கிளிக் செய்தால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் வந்து உட்காரும். ஆல்ட்டோடு 2-ஐ அழுத்தினால் யூனிகோடு தமிழ், 1-ஐ அழுத்தினால் ஆங்கிலம். யூனிகோடு சரியாக வராத விண்டோஸ் 98 வீடுகளுக்காக திஸ்கியும் உள்ளேயே இருந்தது. காசு வாங்கவில்லை.

நான் அதை ஒரு சிடியில் எழுதி, மேலே மார்க்கரில் 'தமிழ்' என்று மட்டும் எழுதி, பையிலேயே வைத்திருந்தேன். ஒன்பது படிகள் நான்காகச் சுருங்கின. விண்டோஸ் சிடி வேலை மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் இருப்பதைச் சேர்த்துக் கட்டியதற்கு இவ்வளவு மரியாதையா என்று சிலர் கேட்கலாம். கட்டத் தெரிவது ஒரு கலை. அடுத்தவர் எந்தப் படியில் களைத்துப்போவார் என்று யோசித்து, அவர் அங்கே வந்து சேருவதற்கு முன்பே அந்தப் படியை எடுத்துவிடுகிறவர் செய்யும் வேலை அது. நிறுவியை எழுதியவரின் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நெக்ஸ்ட் பொத்தானுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நமக்காகச் செய்து முடித்த ஒரு வேலை இருக்கிறது.

மூட்டை மட்டும் போதுமா என்றால், போதாது. மூட்டைக்குள் இருந்த பலகைக் கோப்பு எழுதப்பட்ட விதத்தில்தான் இந்தக் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பாதியும் அதுதான்.

ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உயிர் 12, பக்கவாட்டில் மெய் 18, நடுவே கட்டம் கட்டமாக உயிர்மெய் 216, ஒரு ஆய்தம். மொத்தம் 247. கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க 247 வரி எழுதலாம். ஆரம்பத்தில் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். கீமேனில் வேறொரு வழி இருந்தது. 'ஸ்டோர்' என்று சொல்லி ஒரு வரிசைக்குப் பெயர் வைத்துவிடலாம். தமிழ்99-ஐ எடுத்துக்கொண்டால் வேண்டியது மூன்று வரிசைகள்: க, ங, ச என்று 18 மெய்களின் வரிசை, ஆ முதல் ஔ வரை 11 உயிர்விசைகளின் வரிசை, அதே ஒழுங்கில் கால், சுழி, கொம்பு என்று 11 உயிர்க்குறிகளின் வரிசை. பிறகு ஒரே விதி. மெய் வரிசையில் ஏதோ ஒரு எழுத்து ஏற்கெனவே திரையில் இருக்கிறது, இப்போது உயிர்விசை வரிசையில் ஏதோ ஒன்று அழுத்தப்படுகிறது என்றால், மெய்யை அப்படியே விட்டு, அழுத்திய விசை எத்தனையாவதோ அத்தனையாவது குறியைப் பக்கத்தில் வை.

பதினெட்டைப் பதினொன்றால் பெருக்கினால் 198. அத்தனை எழுத்துகளும் அந்த ஒரு வரியிலிருந்து பிறக்கின்றன. அகர உயிர்மெய் 18-க்கும் விதியே வேண்டாம், மெய்விசையை அழுத்தினாலே வந்துவிடும். நம் எழுத்து அட்டையும் இப்படித்தானே கட்டப்பட்டிருக்கிறது! கட்டங்களை மனப்பாடம் செய்யாமல் ஓரத்து வரிசைகளை மட்டும் பிடித்துக்கொண்ட குழந்தை சீக்கிரம் எழுதப் படிக்கக் கற்கிறது. கோப்பும் அதே வழியில்தான் போகிறது.

தமிழ்99-இல் இன்னொரு அழகும் உண்டு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதின் தலையில் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட என்று இன எழுத்துகளுக்கும் அப்படியே. இதுவும் இரண்டு வரிசையும் ஒரு விதியும்தான். அஞ்சல் முறையில் ஆங்கில விசையில் 'என்' அழுத்தினால் சொல்லின் முதலில் நகரம், நடுவில் னகரம், தகரத்துக்கு முன்னால் மறுபடி நகரம். தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லும் விதிகள் ஒரு எழுத்துக் கோப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பார்த்ததோடு நிற்கவில்லை. கீமேனின் உருவாக்கக் கருவியை வைத்து நானே ஒரு தமிழ்99 பலகை எழுதிப் பார்த்தேன். கந்தன்சாவடியில் டிடிபி கடை வைத்திருந்த அக்கா ஒருவர் அதைத் தன் மெஷினில் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"தம்பி, 'கொடு'ன்னு அடிச்சா 'கோடு'ன்னு வருது. 'தொழில்' அடிச்சா 'தோழில்'. கஸ்டமர் உட்கார்ந்திருக்காரு, நான் என்ன பண்றது?"

குறி வரிசையில் ஒகரத்தையும் ஓகாரத்தையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். ஒரே ஒரு சறுக்கல். கொ, சொ, தொ, பொ என்று பதினெட்டு மெய்யிலும், நெடிலையும் சேர்த்தால் முப்பத்தாறு எழுத்துகளிலும் தப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு குறிகளை இடம் மாற்றினேன், மறுபடி தொகுத்து நிறுவினேன். முப்பத்தாறு எழுத்துகளும் ஒரே நொடியில் சரியாயின. அக்கா 'பொருள்' என்று அடித்துப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். நான் மட்டும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரிடத்தில் எழுதி, நூறு இடத்தில் பயன்படுத்தி, ஓரிடத்தில் திருத்தினால் நூறும் திருந்துவது என்றால் என்ன என்று எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தக் காலை எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

இந்த இரண்டும், அதாவது ஒரே கோப்பான நிறுவியும் பேர் வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தாளும் வரிசையும், தமிழுக்கு மட்டும் வந்த தேவை அல்ல. பின்னாளில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் என்னோடு வேலை பார்த்த தம்பி தன் திரை முழுக்கக் கடிகாரமும் மழை நிலவரமும் வைத்திருந்தான். ரெயின்மீட்டர். ஃபின்லாந்தின் கிம்மோ பெக்கோலா 2001-இல் தொடங்கியது. அதிலும் தோற்றங்கள் எழுத்துக் கோப்புகள்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறம், எழுத்துரு, அளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு மீட்டர்ஸ்டைல் வந்தது: நிறத்தையும் அளவையும் ஓரிடத்தில் பேர் வைத்து எழுதிவிட்டு, வேண்டிய இடங்களில் அந்தப் பேரைச் சொன்னால் போதும். கூடவே, ஒருவர் செய்த தோற்றத்தை இன்னொருவர் ஒரே கிளிக்கில் போட்டுக்கொள்ள, ஜிப் மாதிரியான ஒற்றை மூட்டைக் கோப்பும் வந்தது. அவன் அதை எனக்குக் காட்டியபோது கந்தன்சாவடி அக்காவின் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. பலகையோ தோற்றமோ எதையாவது ஒரு எழுத்துக் கோப்பில் செய்து பார்த்தவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

தமிழில் கதை தொடர்ந்தது. எங்கள் சுவர்த்தாளில் மிச்சம் இருந்த விண்டோஸ் சிடி படியை எடுத்துவிட்டது சென்னையில் பத்ரி சேஷாத்ரியின் நியூ ஹொரைசன் மீடியா, அதாவது கிழக்கு பதிப்பகத்தார், வெளியிட்ட என்எச்எம் ரைட்டர். எக்ஸ்பியில் சிடி கேட்காமலேயே இந்திய மொழி வசதியை அதன் நிறுவியே அமைத்துக்கொடுத்தது. தமிழோடு மற்ற இந்திய மொழிகளுக்கும் பலகைகள் உள்ளே இருந்தன. தமிழுக்கு மட்டுமே தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு, பாமினி என்று பல. அதுவும் இலவசம். அதை முதல்முறை ஒரு வீட்டில் போட்டு எழுந்தபோது மணியைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அண்ணன் சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டார்.

எ-கலப்பைக்கு ஒரு குறை இருந்தது. பலகை நம்முடையது, எஞ்சின் நம்முடையது அல்ல. அப்போது கீமேன் திறமூலமாக இருக்கவில்லை. மூன்றாம் பதிப்பில் அந்தக் குழுவே எஞ்சினையும் எழுதி, ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2015-இல் கீமேன் எஸ்ஐஎல் என்ற மொழி அமைப்பின் கைக்குப் போய், அதுவும் பின்னர் இலவசமாகவும் திறமூலமாகவும் ஆனது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடை ஏற்றதும் குறியேற்றச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. ஆப்பிள் கணினிகளில் அஞ்சலும் தமிழ்99-உம் முன்பே உள்ளே இருந்தன. 2019-இல் விண்டோஸ் 10-லும் அந்த இரண்டும் அதே பெயர்களோடு சேர்ந்தன. மென்பொருள்கள் மாறினாலும் வரிசைகள் மாறவில்லை. லினக்ஸிலும் எம்17என் என்ற நூலகம் வழியாக அதே தமிழ்99 கிடைக்கிறது.

அப்படியானால் நிறுவிக்கு இனி வேலை இல்லையா என்று நானும் நினைத்தேன். போன மாதம் எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியவர் கூப்பிட்டார். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். தமிழ்99-ஐப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு சொல் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, என் விரலுக்கு இது தெரியலையேப்பா. முப்பத்தி நாலு வருஷம் மிஷின்ல அடிச்ச விரல் இது."

விண்டோஸ் தரும் பட்டியலில் பழைய தட்டச்சு அமைப்பு இல்லை. அது உள்ள நிறுவியை இறக்கினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். தட்டச்சு இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் மெய்யை அடிப்பார்கள்; யூனிகோடில் வரிசை நேர் எதிர், மெய்தான் முதலில். நடுவே இருக்கும் பலகைக் கோப்பு கொம்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மெய் வரும்வரை காத்திருந்து, இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்து, முதுகை நிமிர்த்தி, பத்து விரலையும் விசைகளின் மேல் வைத்தார். திரையைப் பார்க்கவில்லை. கொம்பை அடித்தார். அது ஒரு கணம் தனியாக நின்றது. பிறகு ப வந்தது. கொம்பு அதன் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. ரு, ங், கு, டி என்று கை நிற்காமல் ஓடியது. கொஞ்ச நேரம் அந்த அறையில் விசைகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது.